எடைக் குறைப்பு உணவுமுறைகள்: எது பலன் தரும், யாருக்குப் பலன் தரும்?

ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாயிலில் நின்று பேசும் பேச்சு மாறிவிட்டது. வளைகுடா வேலை, மனை விலை, பிள்ளைகளின் திருமணம் என்று ஓடிய உரையாடலில் இப்போது பேலியோவும் கீட்டோவும் 16 மணி நேர விரதமும் இடம்பிடித்துள்ளன. ஒருவர் மூன்று மாதங்களில் 12 கிலோ குறைத்ததாகச் சொல்வார். சோற்றைத் தொடாமல் மனிதன் எப்படி வாழ்வது என்று அருகில் நிற்பவர் கேட்பார். கொள்ளுக் கஞ்சிதான் கைகண்ட மருந்து என்று மூன்றாமவர் சாதிப்பார். அவரவர் உணவுமுறையை அவரவர் ஒரு மத்ஹபைப் போலக் காத்து நிற்கிறார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

நான் மருத்துவன் அல்லன். 22 ஆண்டுகள் மருந்துக்கடை நடத்தியவன். சர்க்கரை மாத்திரை வாங்க வருபவர்கள் மெலிந்து வருவதையும், மறு ஆண்டில் பழைய உருவத்துக்குத் திரும்பி வருவதையும் கல்லாவுக்குப் பின்னால் இருந்து பார்த்தவன். இந்த முறைகளுள் எது சிறந்தது என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. அந்தக் கேள்வியே சற்றுத் தவறான இடத்தில் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது என் லாத்தாவைப் பார்த்த பிறகுதான்.

லாத்தாவுக்கு 51 வயதில் சர்க்கரை நோய் தெரியவந்தது. எடை 78 கிலோ. அவருடைய மகன் கைபேசியில் காட்டிய பட்டியலின்படி பேலியோ தொடங்கினார். காலையில் 100 பாதாம், நண்பகலில் காய்கறியும் முட்டையும், இரவில் இறைச்சி. அரிசி, கோதுமை, சீனி எதுவும் இல்லை. ஐந்து மாதங்களில் 11 கிலோ குறைந்தது. இரத்தச் சர்க்கரை நன்கு இறங்கியதால் மருத்துவர் ஒரு மாத்திரையை நிறுத்தினார். வீடே மகிழ்ந்தது. பின்னர் ரமளான் வந்தது. 14 பேருக்கு இஃப்தார் அவர் கையால்தான் ஆக வேண்டும். கஞ்சி, வடை, சமோசா, கடற்பாசி என்று பகலெல்லாம் அடுப்படியில் நின்றுவிட்டு, நோன்பு திறக்கும் வேளையில் தமக்கென்று தனியாக முட்டை அவித்துக்கொள்ள அவருக்கு நேரமுமில்லை, மனமுமில்லை. தொடர்ந்து பெருநாள், ஒரு நிகாஹ், பேத்தி பிறப்பு. அடுத்த ரமளானுக்குள் குறைந்த 11 கிலோவும் திரும்பியது, மேலும் இரண்டு சேர்ந்தது. “எனக்கு மனவுறுதி இல்லை தம்பி” என்றார். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் முறைகளைப் பார்ப்போம். மாவுச்சத்தைக் குறைத்தால் எடை குறையும் என்பது புதிய கண்டுபிடிப்பன்று. இலண்டனில் இறுதிச் சடங்குகளை ஏற்பாடு செய்யும் தொழில் நடத்திய வில்லியம் பாண்டிங் என்பவர், ரொட்டியும் சீனியும் உருளைக்கிழங்கும் விட்டுத் தாம் மெலிந்த கதையை 1863-இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸின் நூல் 1972-இல் வந்தது. கீட்டோ முறை 1920-களில் வலிப்பு நோயுள்ள குழந்தைகளுக்கான மருத்துவ உணவாகப் பிறந்தது. எடைக்காக அது உருவாக்கப்படவில்லை. பேலியோ என்ற பெயர் 2002-இல் லோரன் கார்டெய்ன் எழுதிய நூலால் பரவிற்று. தமிழில் அதைப் பரப்பியவர் நியாண்டர் செல்வன். அவருடைய முகநூல் குழுவின் வழியாகவே நம் ஊர்களுக்கும் அது வந்து சேர்ந்தது. மறுபக்கம், கொழுப்பை ஏறக்குறைய முழுவதும் விலக்கச் சொல்லும் டீன் ஆர்னிஷின் முறை. இடையில், உணவுக்கு மதிப்பெண் போட்டு எண்ணும் வெயிட் வாட்சர்ஸ், விகிதம் பார்க்கும் ஜோன் டயட் போன்றவை. முதல் நாள் பழம், இரண்டாம் நாள் காய் என்று ஏழு நாள் செய்யும் ‘ஜி.எம். டயட்’டைப் பற்றி ஒரே வரி போதும்: கார் நிறுவனம் தன் ஊழியர்களுக்காக உருவாக்கியது என்ற கதைக்கு நம்பத்தகுந்த சான்று கிடையாது, ஏழு நாளில் குறைவதில் பெரும்பகுதி நீர்.

அந்த நீரைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். ஏனெனில் பள்ளிவாசல் வாயிலில் சொல்லப்படும் வெற்றிக் கதைகளில் பாதி அதில்தான் மிதக்கிறது. நம் கல்லீரலும் தசைகளும் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கின்றன. ஒரு கிராம் கிளைகோஜனுடன் ஏறக்குறைய மூன்று கிராம் நீர் ஒட்டியிருக்கும். சோற்றை நிறுத்தியதும் அந்தச் சேமிப்பு கரைகிறது, நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் இரண்டு, மூன்று கிலோ இறங்குவது இதனால்தான். கொழுப்பு அவ்வளவு விரைவாகக் கரைவதில்லை. மீண்டும் ஒரு நாள் நெய்ச்சோறு உண்டால் அடுத்த நாளே ஒன்றரைக் கிலோ ஏறியதாகக் கருவி காட்டுவதும் இதே கணக்குதான். இது தெரியாமல் ஒரே நாளில் மனம் உடைந்து எல்லாவற்றையும் கைவிட்டவர்களை நான் அறிவேன்.

முறைகளை நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2005-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் 160 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து அட்கின்ஸ், ஜோன், வெயிட் வாட்சர்ஸ், ஆர்னிஷ் முறைகளைக் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் சராசரியாகக் குறைந்த எடை முறையே 2.1, 3.2, 3.0, 3.3 கிலோ. ஒன்றுக்கொன்று பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் கவனிக்க வேண்டியது வேறொன்று. அட்கின்ஸிலும் ஆர்னிஷிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் ஓராண்டுக்குள் விலகிவிட்டார்கள்; மற்ற இரண்டிலும் மூன்றில் ஒருவர் விலகினார். எந்த முறையாயினும், விடாமல் கடைப்பிடித்தவருக்கே அதிகம் குறைந்தது. முறையின் பெயரைக் காட்டிலும் கடைப்பிடித்த அளவே எடையைத் தீர்மானித்தது.

மாவுச்சத்துக் குறைப்பின் பக்கமும் சான்று இல்லாமல் இல்லை. 2007-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 311 பெண்களிடம் நடத்திய ஆய்வில் ஓராண்டில் அட்கின்ஸ் குழுவினர் 4.7 கிலோ குறைத்தனர். மற்ற மூன்று குழுக்களும் 1.6 முதல் 2.6 கிலோ வரையே. அதே ஆய்வாளர்கள் 2018-இல் 609 பேரைக் கொண்டு மீண்டும் பார்த்தார்கள். இம்முறை கொழுப்பைக் குறைத்த குழு, மாவுச்சத்தைக் குறைத்த குழு இரண்டுக்குமே காய்கறியை மிகுதியாக்கு, சீனியையும் மைதாவையும் விலக்கு, வீட்டில் சமைத்து உண் என்ற அறிவுரை பொதுவாகக் கொடுக்கப்பட்டது. முடிவு 5.3 கிலோ, 6.0 கிலோ. இடைவெளி மறைந்துவிட்டது. இரண்டு குழுக்களிலும் 30 கிலோ அளவுக்குக் குறைத்தவரும் இருந்தனர், 10 கிலோ அளவுக்குக் கூடியவரும் இருந்தனர். ஒரே முறைக்குள் மனிதருக்கு மனிதர் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, முறைக்கும் முறைக்கும் இடையிலான முக்கால் கிலோவை வைத்துச் சண்டையிடுவதில் பொருளில்லை.

இனி, நம் சமுதாயத்துக்கு நெருக்கமான விரத முறைகள். “நாம் 1400 ஆண்டுகளாகச் செய்வதை அறிவியல் இன்று கண்டுபிடித்திருக்கிறது” என்று மேடையில் பேசுவோர் பெருகிவிட்டனர். சொல்பவரின் நோக்கம் நல்லது. ஆயினும் எண்கள் அந்த அளவு உற்சாகம் தருவனவாக இல்லை. 2020-இல் அமெரிக்காவில் 116 பேரிடம் நடந்த ஆய்வில், உண்ணும் அளவைக் கட்டுப்படுத்தாமல் எட்டு மணி நேரத்துக்குள் மட்டும் உண்டவர்கள் 12 வாரங்களில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே இழந்தனர். வழக்கம்போல் மூன்று வேளை உண்டவர்களுக்கும் அவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2022-இல் சீனாவின் குவாங்சோவில் 139 பேரிடம் ஓராண்டு பார்த்தார்கள். இரு குழுவினருக்கும் உணவின் அளவு ஒன்றுபோலக் குறைக்கப்பட்டது. ஒரு குழு கூடுதலாக நேரக் கட்டுப்பாட்டையும் பின்பற்றியது. 8.0 கிலோ, 6.3 கிலோ. இந்த வேறுபாடும் புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை. அளவு குறைந்ததால் குறைந்தது. கடிகாரம் அதற்கு ஒரு வசதியான வேலியாக இருக்கலாம், அவ்வளவே.

ரமளானில் என்ன ஆகிறது என்பதும் பல நாடுகளில் ஆராயப்பட்டிருக்கிறது. சராசரியாக ஒரு கிலோ அல்லது அதற்குச் சற்று மேல் குறைகிறது. பெருநாளுக்குப் பின் சில வாரங்களில் அதில் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. இதில் வருந்த ஒன்றுமில்லை. நோன்பு இறைவனுக்காக நோற்கப்படும் வணக்கம். அதன் கூலியை எடைக்கருவியில் தேடுவது நோன்பையும் சிறுமைப்படுத்தும், எடையையும் குறைக்காது. நோன்பு நோற்றும் எடை கூடிய ஒரு பெண்மணி, தம் நோன்பில் ஏதோ குறை இருக்கிறதோ என்று கலங்குவதற்கு நம் மேடைப் பேச்சே காரணமாகிவிடக் கூடாது.

மார்க்கத்திலிருந்து இவ்விடயத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை வேறு என்பது என் கருத்து. வயிற்றில் உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் மூன்றில் ஒரு பங்கு என்று வகுத்துக் காட்டும் திர்மிதீ நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். அதைவிடவும் இங்கே பொருந்துவது, சிறிதாயினும் விடாமல் தொடரப்படும் செயலே இறைவனுக்கு மிக உவப்பானது என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக வந்துள்ள நபிமொழி. பாஸ்டன் ஆய்வாளர்கள் ஓராண்டு முயன்று கண்டதும், உணவைப் பொறுத்தவரை, இதற்கு மிக அருகில்தான் வந்து நிற்கிறது.

அப்படியானால் தொடர முடியாமல் போவது ஏன்? உடலின் பங்கு ஒன்று உண்டு. எடை குறைந்து ஓராண்டு கழிந்த பின்னும் பசியைத் தூண்டும் சுரப்புகள் முன்னைவிட உயர்ந்தே இருப்பதை மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். மெலிந்தவர் பழைய அளவு உணவைக் கண்டு ஏங்குவது ஒழுக்கக் குறைவன்று. இழந்ததை மீட்க உடல் இடும் கட்டளை அது. மற்றொரு பங்கு வீட்டுடையது. நம் கட்டுரைகளில் அதிகம் பேசப்படாததும் அதுவே.

ஒரு வீட்டில் கணவர் பேலியோ தொடங்கினால் வீடு அவருக்காக மாறுகிறது. பாதாம் வருகிறது, முட்டை வருகிறது, அவருக்கு மட்டும் தனிக் கறி ஆக்கப்படுகிறது. மனைவி தொடங்கினால் அவர் இரண்டு சமையல் செய்கிறார்: மற்றவர்களுக்கு வழக்கமான சமையல், பின்னர் தமக்கு ஏதோ ஒன்று. இரண்டாவது சமையல் எத்தனை நாள் நடக்கும்? மாதச் செலவு நெருக்கும்போது முதலில் நிறுத்தப்படுவதும் அவருடைய பாதாம்தான். இதோடு பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாக்கினால் பாவம் என்று வழித்து உண்பவரும் அவரே. வீண்விரயம் பெரும்பாலும் உலையில் அரிசி போடும்போதே நிகழ்ந்துவிடுகிறது. தேவைக்கு மேல் ஆக்கியதைத் தாயின் உடலுக்குள் ஏற்றிவிடுவதால் அது விரயம் இல்லாமல் போய்விடாது.

விருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடற்கரை ஊர்களில் இன்றும் சஹனில் கூடி உண்ணும் வழக்கம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது. செல்வரும் ஏழையும் ஒரே தட்டில் கைவைக்கும் காட்சி வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஆனால் சஹனில் உண்பவருக்குத் தாம் எவ்வளவு உண்டோம் என்பது தெரிவதில்லை. உடன் உண்பவர் நிறுத்தும்வரை நிறுத்துவது முறையன்று என்ற கூச்சம் வேறு. பரிமாறுபவர் கேளாமலே மறுசோறு வைப்பார். வேண்டாம் என்றால் வீட்டுக்காரர் முகம் வாடும். இருவருக்கான உணவு மூவருக்குப் போதும் என்ற கருத்தில் நபிமொழி இருக்க, நால்வருக்கான உணவை இருவர் சஹனில் குவிப்பதை நாம் விருந்தோம்பல் என்கிறோம். வழக்கம் இருக்கட்டும், குவியல் குறையட்டும் என்பதே என் கோரிக்கை. ஒரு சஹனில் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மருந்துக்கடையில் இருந்தவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் திடீரென மாவுச்சத்தை நிறுத்தினால், மருந்தின் அளவும் மாற்றப்படாவிட்டால், இரத்தச் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்ந்துவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர் கீட்டோவில் இறங்கினால், சர்க்கரை அளவு இயல்பாகத் தோன்றும்போதே இரத்தம் அமிலமாகும் நிலை நேரலாம். அது உயிரைப் பறிக்கக்கூடியது. சிறுநீரகப் பாதிப்புள்ளோர் இறைச்சியையும் முட்டையையும் அளவின்றிக் கூட்டக் கூடாது. கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் இத்தகைய கடும் முறைகளின் பக்கமே போக வேண்டாம். சர்க்கரை நோயுள்ளோர் ரமளானுக்கு ஒன்றிரண்டு மாதங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நோன்பு ஆபத்து என்று அவர் சொன்னால், நோயாளிக்கு இறைவன் அளித்த சலுகையை வாங்கிக்கொள்வதில் வெட்கம் எதற்கு? முகநூல் குழுவில் கேட்டு மாத்திரையைத் தாமே நிறுத்திவிட்டு, ஒரு மாதம் கழித்துக் கால் புண்ணுடன் என் கடைக்கு வந்த ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை.

நிகாஹ் நிச்சயமான பெண்ணிடம் “இரண்டு மாதத்தில் பத்துக் கிலோ குறை” என்று சொல்லும் மாமியார்களுக்கும் தாய்மாருக்கும் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும். எடை குறைக்கும் ஊசிகளைப் பற்றியும் அப்படியே.

எந்த முறை என்று இன்னும் கேட்பவர்களுக்கு என் விடை இது. நம் தட்டில் சோறே மிகுதி. ஆகவே சோற்றைக் குறைத்துக் காயும் பருப்பும் மீனும் கூட்டுவது எந்த முறையின் பெயரில் நடந்தாலும் நல்லதே. நம் நாட்டவருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 சென்டிமீட்டர், பெண்களில் 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. எடைக்கருவியைவிட அந்த நாடா நேர்மையானது. ஆனால் தனி ஒருவருக்கான பட்டியலாக எதையும் தொடங்காதீர்கள். வீட்டில் ஒருவருக்குத் தேவை என்றால் பொதுப் பானையை மாற்றுங்கள். மற்றவர்களுக்கு அது தண்டனை என்று தோன்றினால், அந்தத் தண்டனையை அவர் மட்டும் தனியாக அனுபவிக்க விட்டிருந்தோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

லாத்தா வீட்டில் அதைத்தான் செய்தோம். எளிதாக நடக்கவில்லை. முதல் மாதம் என் மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். உலையில் போடும் அரிசி மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. காயும் பருப்பும் கூடின. ரமளானில் நோன்புக் கஞ்சியில் அரிசியைக் குறைத்துப் பாசிப்பருப்பைக் கூட்டினார்கள். எண்ணெய்ப் பலகாரம் வாரம் இரண்டு நாள் என்றானது. அதைப் பொரிக்கும் வேலை மகன்களுக்கு ஒதுக்கப்பட்டது. அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு சமோசாவின் எண்ணிக்கை தானே குறைந்ததை நான் கண்டேன். ஃபஜ்ருக்குப் பின் மச்சானும் லாத்தாவும் கடற்கரைச் சாலையில் நடக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளில் லாத்தாவுக்கு ஆறு கிலோ குறைந்திருக்கிறது. ஐந்து மாதங்களில் 11 கிலோ என்ற பழைய சாதனையோடு ஒப்பிட்டால் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பள்ளிவாசல் வாயிலில் யாரும் இதைக் கதையாகச் சொல்ல மாட்டார்கள். அந்த ஆறு கிலோ இன்னும் திரும்பி வரவில்லை. மச்சானுக்கும் நான்கு கிலோ குறைந்திருக்கிறது, அவர் எந்த டயட்டிலும் இல்லை.

எடைக்கருவியை லாத்தா இப்போது மாதம் ஒருமுறைதான் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுக்கிறார். சென்ற மாதம் நான் இருந்தபோது ஏறிப் பார்த்தார். அரைக் கிலோ கூடியிருந்தது. “பெருநாள் மாசம்தானே தம்பி” என்று சொல்லிவிட்டு இறங்கி, அதைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, எனக்குத் தேநீர் போடப் போனார்.